ஒரு துளி பச்சை

"இடது கன்னம் சரியா வந்திருக்கு. வலது கன்னத்துலதான் சிவப்பு ஒரு துளி தூக்கல்."

குளியலறைக் கண்ணாடியிடம் இப்படிச் சொல்லிவிட்டு, கல்யாணப் பெண் முகத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். கையில் ஈரமான ஸ்பாஞ்சு. தோளில் பழைய துண்டு. வாஷ் பேசின் விளிம்பில் குப்பியும் டப்பாவும் குச்சியுமாகப் பதினோரு சாமான்கள், எது எப்போது உருளுமோ என்று நின்றன. மணி எட்டேகால். பதினோரு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து.

"முடிஞ்சுதாடி?" கதவுக்கு வெளியே அக்கா.

"ஒரு துளிதான் பாக்கி."

"உன் ஒரு துளி எனக்குத் தெரியாதா! போன தடவை சமையலறைக்கு ஒரு துளின்னு ஆரம்பிச்சு வீடு பூரா அடிச்சவதானே நீ?"

அக்கா சொன்னதில் தப்பே இல்லை. பெயிண்ட் கடையில் கலர் கலக்குவதுதான் தங்கையின் வேலை. மெஷின் கணக்காக ஊற்றிக் கொடுத்துவிடும். இவளுக்கு அது போதாது. மூடியைத் திறந்து, குச்சியால் கிண்டி, அட்டையில் ஒரு கோடு இழுத்து, ஊதி ஊதிக் காயவைத்து, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, "இன்னும் ஒரு துளி மஞ்சள் விழுந்தா நிக்கும்" என்பாள். விழுந்தால் நிறம் சரியாக வந்து நிற்கும். ஏழு வருடமாக இப்படிச் சொல்லிச் சொல்லி, கடையில் அவளுக்குப் பெயரே துளி என்றாகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அப்படிப்பட்டவளை மூன்று நாளைக்கு முன்னால் அழகு நிலையத்தில் ஒத்திகைக்கு உட்கார வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால், கண்ணாடியில் யாரோ ஒருத்தி இவளுடைய தோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னங்க இது? என் நிறத்துலேர்ந்து அஞ்சு நம்பர் வெளுத்துட்டீங்களே!"

"கல்யாணப் பொண்ணு பளிச்சுனு இருக்க வேணாமா?" என்றாள் அழகு நிலையக்காரி.

"பளிச்சுனு இருக்கலாம். நானா இருக்க வேணாமா? எங்க கடையில இப்படிக் கலக்கிக் குடுத்தா, டின்னை என் தலையில கவுத்துட்டுப் போயிடுவாங்க."

அழகு நிலையக்காரி சீப்பை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. எறிந்தாள்.

"அப்போ நீங்களே போட்டுக்குங்க."

"போட்டுக்கறேன்."

கோபத்தில் வாய் சொல்லிவிடும்; அப்புறம் உடம்பு முழுவதும் சேர்ந்து அந்தச் சொல்லைச் சுமக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கடைக்கே விஷயம் தெரிந்துவிட்டது. "ஆயிரத்து இருநூறு கலர் கலக்குறவளுக்கு ஒரு முகம் கலக்க வராதா?" என்று அவளே கல்லாவரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். அதுவரைக்கும் அவள் தன் முகத்தில் பவுடரைத் தவிர வேறெதையும் போட்டதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெறும் வீறாப்புதான் என்றால் எட்டு மணிக்கே கையைத் தூக்கியிருப்பாள். அவள் பயந்தது வேறொன்றுக்கு. மாப்பிள்ளையின் கண்.

மாப்பிள்ளை பெயிண்டிங் காண்ட்ராக்டர். போன வருடம் ஒரு நாள் கடைக்கு வந்து, யாரோ ஒருவர் வீட்டுப் படுக்கையறைக்கு இளம்பச்சை கலக்கச் சொல்லி வாங்கிப் போனான். மறுநாள் டின்னோடு திரும்பி வந்தான். "இது இல்லைங்க," என்றான். இவள் மறுபடி கலக்கினாள். மறுபடி வந்தான். "இன்னும் வரலைங்க." இவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. வாசலுக்கும் உள்ளேயுமாக அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை, "இதுதாங்க," என்றான். அந்த மூச்சிலேயே, "உங்களைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னும் கேக்கணும்," என்றான்.

துளி அங்கேயே சரி என்றுவிட்டாள். ஏன் என்று அக்கா கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்:

"ஏழு வருஷமா கவுண்டர்ல நிக்கறேன்க்கா. பொண்டாட்டி ஷேடு கார்டைக் காட்டி 'இது நல்லா இருக்கா'ன்னு கேப்பா. புருஷன் போன்லேர்ந்து கண்ணை எடுக்காமலே 'சூப்பர்'ம்பான். எல்லாமே சூப்பர். வாங்கிட்டுப் போய் அடிச்சப்புறம் வீட்டுல சண்டை. இந்த மனுஷன் ஒருத்தர்தான் மூஞ்சிக்கு நேரா 'இது இல்லை'ன்னார். கண்ணு பாக்கிறதை வாய் சொல்லுது. எனக்கு அது போதும்."

அதற்கு முன்னால் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒருவன், நேரில் "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றும், வெளியே போய் "பொண்ணு டர்ப்பென்டைன் வாடை அடிக்குது" என்றும் சொல்லியிருந்தான். அதனால் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பொய் சொல்லாத ஆள்.

இப்போது அந்த ஆள், அவளுக்கே தெரியாத ஒரு துளியைக் கண்டுபிடிக்கிற கண்ணோடு, பதினோரு மணிக்கு எதிரே வந்து நிற்கப்போகிறான். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவான். எல்லோர் முன்னாலும்.

அதனால்தான் வலது கன்னத்தை அவளால் விட முடியவில்லை.

சிவப்பு தூக்கலாக இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஒரு துளி பச்சை. முகத்துச் சிவப்பை அமுக்குவதற்கென்றே பச்சைக் களிம்பு விற்கிறார்கள், அதையும் வாங்கி வைத்திருந்தாள். உள்ளங்கையில் ஃபவுண்டேஷனை விட்டு, பச்சையில் ஒரு துளி தொட்டு, குழைத்துத் தடவினாள். கன்னத்தின் நிறம் நின்றது. ஆனால் இப்போது இடது கன்னம் சிவப்பாகத் தெரிந்தது. அதற்கும் ஒரு துளி. பிறகு நெற்றி. சுவரில் திட்டாக அடித்தால் காட்டிக் கொடுத்துவிடும், மூலையிலிருந்து மூலைவரை ஓட்டிவிட வேண்டும் என்பது தொழிலின் பாடம். ஆகவே தாடை, கழுத்து, இரண்டு காதுகள், காதுக்குப் பின்புறம்.

"ஆஹா," என்றாள் கண்ணாடியிடம். நிஜமாகவே நன்றாக இருந்தது. அவளுடைய அதே நிறம், ஒரு நம்பர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். அங்கே அக்கா ஜன்னலைத் திறந்து வைத்து, புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்திருப்பதைக்கூட மறந்துவிட்டாள்.

"ஐயோ! என்னடி இது, பாசி பிடிச்ச மாதிரி?"

"என்ன?"

"பச்சையா இருக்கேடி!"

துளி கைக்கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னலோரம் ஓடினாள். இருந்தது. மழைக்காலத்துக் கிணற்றுச் சுவர்போல் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடையில் ட்யூப் லைட்டில் கலர் பார்க்கிறவர்களைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போகிறவள், தன் முகத்தை மட்டும் குளியலறையின் மஞ்சள் பல்பில் பார்த்திருக்கிறாள். பதற்றம் வந்தால் படித்த பாடம்தான் முதலில் வெளியே போகும்.

"அக்கா, புடவை!"

அக்கா பெட்டியைத் தூக்கினாள். முந்தானையில் முக்கோணமாக ஒரு பழுப்பு.

"அது மடிப்புக்குள்ள போயிடும். நீ முதல்ல போய் மூஞ்சியைக் கழுவு!"

கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி கழுவினாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. பச்சை அப்படியே இருந்தது.

"ஏன்டி போகலை?"

"போகாதுக்கா." துளி தலையைக் குனிந்துகொண்டாள். "வெயில், மழை, வேர்வை எல்லாம் தாங்குறதாப் பாத்து வாங்கினேன்."

"அடிப்பாவி! வெளிச்சுவருக்கு வாங்குற மாதிரி வாங்கியிருக்கியே!"

"முகம் வெளியிலதானே இருக்கு?"

அக்காவுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. அறைந்தால் அங்கேயும் சிவந்துவிடும் என்பதால் சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தாள். இருவருமாகத் தேய்த்தார்கள். பாதி வந்தது. மீதி, உலக வரைபடம்போல் அங்கங்கே தேசம் தேசமாக ஒட்டிக்கொண்டது. தேய்த்த இடமெல்லாம் ரத்தமாகச் சிவந்தது.

மணி ஒன்பதே முக்கால்.

கீழே தெருவில் அக்காவின் கணவர் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அவர் எதையும் சீக்கிரம் அடிக்கிற மனிதர் இல்லை. அவரே அடிக்கிறார் என்றால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"பேசாம அந்த அழகு நிலையத்துக்கு ஒரு போன் போடட்டுமா?" என்றாள் அக்கா.

"செத்தாலும் மாட்டேன்."

"அப்போ இப்படியே வா. எண்ணெயைத் துடைச்சிட்டு வா. கல்யாணத்தை விடவா மூஞ்சி?"

"இப்படியேவா? ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. வண்டி நிக்கணுமா போகணுமான்னு தெரியாம அவர் நடுவுல நிப்பார்."

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்டி."

"சொல்லுவார்க்கா! அதுதானே பயம். நாலு டின்னைத் திருப்பினவரு. 'இது இல்லை'ன்னு சொல்லிட்டார்னா நான் எங்க போய் நிப்பேன்?"

அக்கா அதற்குமேல் வாதாடவில்லை. தங்கையின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "சரி சொல்லு. இப்போ என்ன கலர் வேணும்?"

பச்சையைக் கொல்ல என்ன வேண்டும்? சிவப்பு. வீட்டில் இருந்த சிவப்பு லிப்ஸ்டிக்தான். அதை வழித்து மீதி ஃபவுண்டேஷனில் கலந்தாள். இந்தத் தடவை பகல் வெளிச்சத்தில், அட்டையில் கோடு இழுத்து, ஊதிக் காயவைத்து, முறைப்படி பார்த்தாள். அட்டையில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அட்டைக்கு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, முகத்துக்கு இருந்தது. கன்னங்களில் அது சுட்ட செங்கல் நிறத்தில் போய் உட்கார்ந்தது. நெற்றியில் ஒட்டவே ஒட்டாமல் அடியிலிருந்த பச்சையைக் காட்டியது.

"பவுடரை அடிச்சு விடு," என்றாள் அக்கா.

அடித்தார்கள். செங்கல் மேல் சுண்ணாம்பு.

"நேரமாச்சு! கண்ணை மட்டும் எழுதிட்டுக் கிளம்பு!"

கண்ணுக்கு மை தீட்ட உட்கார்ந்தாள். முதல் கோடு காதைப் பார்த்துப் போனது. இரண்டாவது கோடு மூக்கைப் பார்த்துப் போனது. துளி அதையும் துடைத்தாள். பிறகு அவள் செய்த காரியம் இருக்கிறதே, அதை வேறு எந்தத் தொழில்காரியும் செய்திருக்க மாட்டாள். கைப்பையைத் திறந்து மாஸ்கிங் டேப்பை எடுத்தாள். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் கோடு பிசகாமல் இருக்க ஒட்டுவார்களே, அந்தக் காகித டேப். கண்ணின் ஓரத்திலிருந்து மேலே சாய்வாக ஒட்டினாள். அதை விளிம்பாக வைத்து ஒரே இழுப்பு. கத்தி மாதிரி கோடு!

"பாத்தியா!" அன்று காலையில் அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

அந்தச் சிரிப்போடு டேப்பைச் சர்ரென்று உரித்தாள்.

டேப் வந்தது. கூடவே இடது புருவத்தில் பாதியும் வந்தது.

இருவரும் குனிந்து டேப்பைப் பார்த்தார்கள். டேப்பில் புருவம் மிக அழகாக, வரிசை கலையாமல் இருந்தது.

"ஒட்டிப் பாக்கலாமா?" என்றாள் அக்கா மெதுவாக.

"சும்மா இருக்கா!"

பென்சிலால் வரைந்தாள். ஹாரன் அடித்தது, கை மேலே போனது. இடது புருவம் உயரமாகிவிட்டது. ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் நன்றாயிராதே என்று வலதையும் ஏற்றினாள். வலது இன்னும் ஏறிவிட்டது. இடதை ஏற்றினாள். நல்ல வேளையாக நெற்றி அதற்குமேல் இல்லை.

காரில் ஏறியபோது அக்காவின் கணவர் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். தெருமுனை திரும்பியதும் மட்டும், ரொம்பவும் பணிவாகக் கேட்டார்.

"துளி, எதையாச்சும் பாத்துப் பயந்துட்டியாம்மா?"

"இல்லை மாமா. புருவம்."

"சரிம்மா."

பதிவாளர் அலுவலகம் நாலு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை இவளைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பத்து ஐம்பத்திரண்டு. மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. இன்று விட்டால் அடுத்த தேதிக்கு நாற்பது நாள் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. நாளை காலையிலோ அவன் வெளியூருக்கு ஒரு பெரிய கட்டட வேலைக்கு ஆறு மாதம் போகிறான். அவளும் கூடப் போவதாகத்தான் கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முதலில் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள், சான்றிதழைச் சரிபார்க்க. பெரிய ஜன்னல் உள்ள அறை. காலை வெயில் முழுவதும் அங்கேதான் கொட்டிக் கிடந்தது. துளி நிழலைத் தேடி நின்றாள்.

"வெளிச்சத்துல வந்து நில்லுங்க," என்றார் பதிவாளர் அம்மா.

வந்தாள். பதிவாளர் அம்மா அடையாள அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"நான்தான் மேடம்."

"கதவைச் சாத்துங்க." குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுங்க. பயப்படாதீங்க. உங்களை யாராச்சும் மிரட்டி இங்க கூட்டிட்டு வந்தாங்களா?"

"ஐயோ, இல்லை மேடம்!"

"கன்னமெல்லாம் கன்னிப்போயிருக்கு. யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கலை மேடம். லிப்ஸ்டிக்."

"முகத்துல இவ்வளவு பீதி இருக்கே."

"பீதி இல்லை மேடம். பென்சில்."

பதிவாளர் அம்மா நம்பவில்லை. இருபது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ முகங்களைப் பார்த்தவர். எழுத்தரைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை வந்தா என்கிட்ட முதல்ல அனுப்பு. நானே பேசிக்கறேன்," என்றார். துளிக்கு உள்ளங்கை வேர்த்தது. முகம் வேர்க்கவில்லை, வேர்வை தாங்குகிற சாமானாயிற்றே.

பத்து ஐம்பத்தெட்டுக்கு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மாப்பிள்ளை வந்துவிட்டான். புதுச் சட்டை, சீவிய தலை. கூடவே சாட்சிக்கு, அவனிடம் வேலை செய்கிற பெயிண்டர் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். கை விரல்களில் எத்தனை தேய்த்தாலும் போகாத வெள்ளை.

பெயிண்டர் முதலில் துளியைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். அதற்கப்புறம் செருப்பைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை உள்ளே வந்தான்.

பின்னாலேயே அக்காவும் அவள் கணவரும் வந்து நின்றார்கள். அக்காவின் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். துளி அசையாமல் நின்றாள், வெயில் நேராக முகத்தில் விழ. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சொல்லட்டும். "இது இல்லை" என்று சொல்லட்டும். சொன்னால் அழுதுவிட்டு, கழுவுகிற மட்டும் கழுவிக்கொண்டு வந்து, இந்தக் கண்ணுள்ள மனிதனையே கட்டிக்கொள்ளலாம். படிக்கட்டில் அவன் காலடிச் சத்தம் கேட்டபோதே அவள் அந்த முடிவுக்கு வந்துவிட்டாள்.

பதிவாளர் அம்மா வாயைத் திறப்பதற்குள், "எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள்.

அவன் பார்த்தான். நன்றாக, நிதானமாக, ஆசையோடு பார்த்தான்.

"புருவம்தான் கொஞ்சம் மேல ஏறிடுச்சு. மத்தபடி எப்பவும் போலத்தான். நல்லா இருக்கே."

பதிவாளர் அம்மா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முகம்?" என்றாள் துளி.

"முகத்துக்கு என்ன?"

"கலர் எப்படி இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு."

துளி அவன் கண்ணையே பார்த்தாள். நாலு டின். இல்லாத ஒரு துளியைக் கண்டுபிடித்த கண். அந்தக் கண், செங்கல்லும் பாசியுமாக நிற்கிற ஒருத்தியைப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்கிறது. பதினோரு மணிக்குக் கல்யாணம். பத்து ஐம்பத்தொன்பதுக்கு முதல் பொய். "சூப்பர்" என்று சொல்லாததுதான் குறை.

"கன்னத்துல என்ன கலர் இருக்கு, சொல்லுங்க."

அவன் தடுமாறினான். "கன்னத்துக் கலர்தான்."

"நெத்தியில?"

"நெத்திக் கலர்." நெற்றியில் அவனுக்கு வேர்த்தது. "இப்போ எதுக்கு இதெல்லாம்? மணியாச்சு, கையெழுத்தைப் போடலாமே."

"இது நல்லா இல்லைன்னு இந்த ரூம்ல இருக்கற எல்லாருக்கும் தெரியுது. வெளிய ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"பொய்." அவள் பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, பதிவேட்டின்மேல் வைத்தாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. "என் மூஞ்சி கெட்டுப்போனது எனக்குக் கவலையில்லை. நாளைக்குக் கழுவினாப் போயிடும். நீங்க எனக்காகப் பொய் சொன்னா அது போகாது. உங்க வாயிலேர்ந்து வர்ற வார்த்தை நிஜம்னு நம்பித்தான் நான் சரின்னேன். வேற ஒண்ணும் நான் பாக்கலை."

"துளி, நான் பொய் சொல்லலை."

"அப்போ கன்னத்துல என்ன கலர்?"

அவன் வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். அவளுடைய கணவரைப் பார்த்தான். கடைசியில் வாசற்படியில் நின்ற பெயிண்டரைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் பார்வையை இழுத்துக்கொண்டான்.

பதிவாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு அஞ்சுக்கு அடுத்தவங்க இருக்காங்க. பொண்ணுக்குச் சம்மதம் இல்லைன்னா நான் இந்தப் பக்கத்தை அடிச்சிடறேன். நாற்பது நாள் கழிச்சு யோசிச்சு வாங்க."

"ஒரு நிமிஷம் மேடம்," என்றாள் அக்கா. "அடியே, பேனாவை எடுடி."

துளி எடுக்கவில்லை. கண்ணில் நீர் கட்டி, கத்தி மாதிரி இழுத்த கோட்டைத் தாண்டி, செங்கல்மேல் இறங்கியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்து நின்றான். பதிவாளர் அம்மா சிவப்பு மைப் பேனாவைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் பெயிண்டர் செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அண்ணே, வேணாம்," என்றான் மாப்பிள்ளை அவசரமாக.

"சும்மா இருங்க முதலாளி, வாழ்க்கை போகுது!" பெயிண்டர் மேசைவரைக்கும் வந்து, வெள்ளை படிந்த கையால் பதிவேட்டை மெல்லத் துளியின் பக்கம் நகர்த்தினார். "அவர் பொய் சொல்லலை தங்கச்சி, அவருக்குப் பிறந்ததுலேர்ந்தே சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும், கலர் பாத்து வாங்க எந்தக் கடைக்கும் நான்தான் போவேன், போன வருஷம் எனக்குக் காய்ச்சல்னு உங்க கடைக்கு மட்டும் அவரே ஒரு நாள் போய்ட்டு வந்தாரு, அன்னையிலேர்ந்து டின்னைத் திருப்பணும் திருப்பணும்னு அவரே ஓடி வந்தாரு, என்னை அந்தப் பக்கமே விடமாட்டேங்கறாரு!"